மின் நிறுவனத்தின் நீண்டகாலக் கடனுக்கு மதிப்புப் போடுவது எப்படி: முதல்முறை செய்பவருக்கு

மின் நிறுவனமொன்றின் நிதிப் பிரிவில் சேர்ந்த முதல் ஆண்டே, ஆண்டறிக்கையில் வரும் "நீண்டகாலக் கடன்கள்" குறிப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினான்கு கடன்கள், மூன்று நாணயங்கள். எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போனது ஒரே ஓர் எக்செல் கோப்பு. அதில் தள்ளுபடி வீதம், அதாவது இனி வரும் தவணைகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் வீதம், என்ற கட்டத்தில் 7.85 என்று கையால் அடித்திருந்தது. எங்கிருந்து வந்த எண், எந்தத் தேதியின் எண் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஆடிட்டர் முதல் நாளே விரல் வைத்தது அந்தக் கட்டத்தில்தான்.

அந்த இரண்டு மாதம் முட்டி மோதிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேசக் கணக்கியல் தரங்களை வைத்தே பேசுகிறேன். அமெரிக்கத் தரத்தைப் பின்பற்றும் நிறுவனத்தில் இருந்தாலும் நியாய மதிப்பு பற்றிய பகுதி பெரும்பாலும் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் நடப்புக் கடனா நீண்டகாலக் கடனா என்ற வகைப்பாட்டைப் பேசும் ஐந்தாம் படி, மூன்றாம் படியில் வரும் விதிமுறை மாற்றச் சோதனை போன்ற இடங்களுக்கு உங்கள் தரத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே விதி வேறு.

1. முதலில் மூன்று எண்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரே கடனுக்கு மூன்று எண்கள் இருக்கும். அசலில் இன்னும் கட்ட வேண்டிய பாக்கி ஒன்று. ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) காட்டும் புத்தக மதிப்பு இன்னொன்று. இன்றைய சந்தை வட்டியில் அந்தக் கடன் எவ்வளவு பெறும் என்ற நியாய மதிப்பு மூன்றாவது. கடன் கொடுத்தவர் அனுப்பும் உறுதிக் கடிதத்தில் இருப்பது முதல் எண் மட்டும்தான். புதிதாக வருபவர்கள் அதையே மூன்று இடத்திலும் போட்டுவிட்டு, ஏன் எதுவும் பொருந்தவில்லை என்று இரவெல்லாம் விழித்திருப்பார்கள். நானும் இருந்தேன்.

ஷீட்டில் ஒவ்வொரு கடனுக்கும் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள். சேர்ந்திருக்கும் ஆனால் இன்னும் கட்டாத வட்டிக்கு நான்காவது பத்தி. அது ஏன் என்று ஆறாம் படியில் புரியும்.

2. எந்தக் கடன் எந்த வகை என்று எழுதுங்கள்

மின் நிலையம் கட்ட இன்றைக்குப் பணம் போனால், அது 25, 30 ஆண்டுகளில் சிறுகச் சிறுகத்தான் திரும்பி வரும். அதனால் கடனும் நீளமாகவே இருக்கும். உங்கள் கோப்புகளில் பெரும்பாலும் இந்த நான்கு வகைகளைப் பார்ப்பீர்கள்.

முதலாவது, திட்டக் கடன். ஒரு மின் நிலையத்துக்கென்று தனி நிறுவனம் தொடங்கி, அதன் வருமானத்தை மட்டும் நம்பிக் கொடுப்பது. தாய் நிறுவனத்தின் சொத்தில் கை வைக்க முடியாது, அல்லது மிகக் குறைவாகவே முடியும். செலவில் 70, 80 சதவீதம்வரைகூடக் கடனாக இருக்கும். மின் கொள்முதல் ஒப்பந்தம் முடிவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே கடன் தீரும்படி தவணை வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, நிறுவனமே வெளியிடும் கடன் பத்திரங்கள். சிலவற்றுக்கு மின் கம்பி, துணை மின் நிலையம் என்று சொத்து அடமானம் இருக்கும். அமெரிக்க மின் நிறுவனங்கள் "முதல் அடமானப் பத்திரம்" என்றே ஒரு வகையை வெளியிடுகின்றன. சிலவற்றுக்கு அடமானமே இராது. பெரும்பாலும் நிலையான வட்டி, கடைசியில் மொத்த அசல்.

மூன்றாவது, வளர்ச்சி வங்கிகளும் ஏற்றுமதிக் கடன் அமைப்புகளும் தருவது. வெளிநாட்டு நாணயம், நீண்ட தவணை, சில சமயம் சந்தையைவிட மிகக் குறைந்த வட்டி. அரசாங்கம் தருகிற சலுகைக் கடன் என்றால் வாங்கிய நாளிலேயே ஒரு வேலை இருக்கிறது: சந்தை வட்டியில் அதன் மதிப்பைக் கணக்கிட்டு, கிடைத்த பணத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மானியமாகத் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஐஏஎஸ் 20 என்ற தரம் சொல்வது இது. பழைய கோப்பில் இதைச் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான்காவது, மாறும் வட்டியில் வாங்கிய வங்கிக் கடன். கட்டுமானம் நடக்கும்போது இதை வாங்கி, நிலையம் ஓடத் தொடங்கியதும் நீளமான பத்திரம் வெளியிட்டு அடைப்பது பல நிறுவனங்களின் வழக்கம். பழைய ஒப்பந்தமாக இருந்தால் வட்டி எதன்மேல் நிற்கிறது என்று கண்டிப்பாகப் பாருங்கள். மாறும் வட்டிக்கு முன்பு அடிப்படையாக இருந்த டாலர் லைபார் என்ற வீதம் 2023 ஜூன் 30க்குப் பிறகு பழைய முறையில் வெளியாவதில்லை. அதைக் குறிப்பிடும் ஒப்பந்தத்துக்கு ஒரு திருத்தம் எங்காவது இருந்தாக வேண்டும், எங்களிடம் அது வேறொரு துறையின் அலமாரியில் இருந்தது.

3. ஆவணங்கள்: ஆண்டு முடிவுக்கு எட்டு வாரம் முன்பே

இதைத் தள்ளிப்போட்டதுதான் நான் செய்த முதல் தவறு. சட்டப் பிரிவிலிருந்து கையெழுத்தான பிரதி வரவே மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு கடனுக்கும் இவ்வளவு வேண்டும்:

- கையெழுத்தான கடன் ஒப்பந்தம், அல்லது பத்திரம் என்றால் அறங்காவலர் (பத்திரம் வைத்திருப்பவர்கள் சார்பில் நிற்பவர்) ஒப்பந்தமும் வெளியீட்டு ஆவணமும்
- பின்னால் வந்த எல்லாத் திருத்தங்களும், நிபந்தனை மீறலைப் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லும் விலக்குக் கடிதங்களும்
- தவணை அட்டவணை, பணம் எடுத்த தேதிகளுடன்
- அடமானப் பதிவு ஆவணம், ஜாமீன் கடிதம்
- தொடக்கச் செலவுகளின் பில்கள்
- மாறும் வட்டியை நிலையான வட்டியோடு மாற்றிக்கொள்ளும் வட்டி மாற்று ஒப்பந்தம் (ஸ்வாப்) இருந்தால் அதன் உறுதிப் பத்திரம்
- கடன் தரத்தை மதிப்பிடும் நிறுவனத்தின் கடைசி அறிக்கை

திருத்தங்களை விட்டுவிட்டு மூல ஒப்பந்தத்தை மட்டும் படிக்காதீர்கள். பத்தாண்டுக் கடன் ஒன்றை நான் முழுக்கக் கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் இரண்டாம் திருத்தம் கிடைத்தது. தவணையை நான்கு ஆண்டுகள் நீட்டியிருந்தார்கள். போட்டதெல்லாம் குப்பை.

அப்படி விதிமுறை மாறியிருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. புதிய தவணைகளை, அதற்காகக் கொடுத்த கட்டணத்தையும் சேர்த்து, பழைய பயனுறு வட்டியில் (தொடக்கச் செலவையும் சேர்த்தால் வரும் உண்மையான வட்டி, நான்காம் படியில் உதாரணம் இருக்கிறது) இன்றைய மதிப்புக்குக் கொண்டுவாருங்கள். பழைய கடனில் மீதியிருந்த தவணைகளின் இன்றைய மதிப்போடு ஒப்பிட்டு வித்தியாசம் 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், பழைய கடன் முடிந்து புதிய கடன் பிறந்ததாகக் கணக்கு எழுத வேண்டும். அதற்குக் கீழே என்றாலும் சும்மா விட முடியாது. புத்தக மதிப்பைத் திருத்தி வித்தியாசத்தை லாப நட்டத்தில் காட்ட வேண்டும்.

4. செலவுகளைப் பிரியுங்கள்

வட்டி மட்டுமே கடனின் விலை என்று நினைக்காதீர்கள். ஏற்பாட்டுக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், பத்திரத்தை விற்றுக்கொடுக்கும் வங்கிகளின் கமிஷன், பதிவுச் செலவு என்று கடன் வாங்கும்போதே போகும் பணம் இருக்கிறது. இவை கடனோடு நேரடியாகச் சேர்ந்தவை, அதனால் புத்தக மதிப்பிலிருந்து கழித்துக் கடன் காலம் முழுவதும் பரப்ப வேண்டும். ஆண்டுதோறும் கட்டும் அறங்காவலர் கட்டணமும் தர மதிப்பீட்டுக் கண்காணிப்புக் கட்டணமும் அந்தந்த ஆண்டின் செலவு. உங்கள் சொந்த ஊழியர்களின் சம்பளத்தை இதற்குள் கொண்டுவராதீர்கள்.

ஓர் உதாரணம். முகமதிப்பு 1000, வட்டி 6 சதவீதம், பத்து ஆண்டு. வெளியிட்ட விலை 995, செலவு 15. கைக்கு வந்தது 980. இந்த 980ஐ வைத்துக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 6.28 சதவீதம். முதல் ஆண்டு கட்டும் வட்டி 60, செலவாக எழுதுவது சுமார் 61.5. வித்தியாசமான 1.5 புத்தக மதிப்பில் ஏறி அது 981.5 ஆகும். இப்படியே ஏறி ஏறி, கடைசி நாளில் சரியாக 1000. பத்தாம் ஆண்டு முடிவில் 1000 வரவில்லை என்றால் ஷீட்டில் பிழை இருக்கிறது என்று அர்த்தம். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

கட்டுமானத்தில் இருக்கும் நிலையத்துக்கான வட்டி சொத்தின் விலையில் சேரும், லாப நட்டக் கணக்கில் வராது. நிலையம் ஓடத் தயாரானதும் சேர்ப்பதை நிறுத்த வேண்டும். அந்தத் தேதியைப் பொறியாளர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு ஆடிட்டரிடம் செல்லாது.

5. நிபந்தனைகளைச் சோதியுங்கள், ஆண்டு முடிவதற்கு முன்பே

ஒப்பந்தத்தில் நிதி நிபந்தனைகள் இருக்கும். திட்டக் கடனில் முக்கியமானது, கடன் கட்டக் கிடைக்கும் பணத்தை அந்தக் காலத்துக் கட்ட வேண்டிய அசல் வட்டியால் வகுத்த விகிதம். 130 கிடைத்து 100 கட்ட வேண்டியிருந்தால் 1.3. ஒப்பந்தத்தில் பொதுவாக இரண்டு கோடுகள் இருக்கும்: முதல் கோட்டுக்குக் கீழே போனால் பங்குதாரருக்கு ஈவு எடுக்க முடியாது, இரண்டாம் கோட்டுக்குக் கீழே போனால் ஒப்பந்த மீறல். இரண்டையும் குழப்பிக்கொண்டு வீணாகப் பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பதற வேண்டிய இடத்தில் சும்மா இருந்தவர்களையும்தான். கடைசியில் சொன்னவர்களில் நானும் உண்டு.

என்ன நடந்தது என்றால், அந்த ஆண்டு ஒரு நிலையத்தில் நீண்ட பழுது, உற்பத்தி குறைந்தது, விகிதம் இரண்டாம் கோட்டுக்குக் கீழே போனது. கடன் கொடுத்தவர் நல்ல மனிதர்தான், "பிரச்சினையில்லை, விலக்குக் கடிதம் தருகிறோம்" என்றார். தந்தார். கடிதத்தின் தேதி ஆண்டு முடிந்து மூன்றாம் நாள். ஐஏஎஸ் 1 விதிப்படி அது பிந்திவிட்டது. ஆண்டு முடிவன்றோ அதற்கு முன்போ நிபந்தனை மீறப்பட்டு, கடனை உடனே திருப்பிக் கேட்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு வந்துவிட்டால், முழுக் கடனும் ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய நடப்புக் கடனாகிவிடும். ஆண்டு முடிவுக்குப் பின் குறைந்தது பன்னிரண்டு மாதம் ஓடும் அவகாசம், ஆண்டு முடிவதற்குள்ளேயே எழுத்தில் கிடைத்திருந்தால் மட்டுமே தப்பலாம். மூன்று நாள் தாமதத்தில் பன்னிரண்டு ஆண்டுக் கடன் ஐந்தொகையில் ஓராண்டுக் கடனாக நின்றது. அதைப் பார்த்த மற்ற வங்கிகளுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் போனது.

ஆகவே ஆண்டு முடிவுக்கு ஆறு வாரம் முன்பே மதிப்பீட்டு எண்களை வைத்து விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். இடிக்கும்போல் தெரிந்தால் அன்றே கடிதம் கேளுங்கள். வங்கியின் உள் அனுமதிக்கே பல வாரம் ஆகும். 2024 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் தொடங்கும் ஆண்டுகளுக்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் சந்திக்க வேண்டிய நிபந்தனைகளையும், அதில் தவறும் வாய்ப்பு தெரிந்தால் அந்த விவரத்தையும் குறிப்பில் எழுத வேண்டும்.

இன்னொரு வரியைத் தேடுங்கள்: ஒரு கடனில் தவறினால் மற்றவற்றிலும் தவறியதாகக் கொள்ளலாம் என்ற பிரிவு. அது இருந்தால் பதினான்கு கடனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

6. நியாய மதிப்பைக் கணக்கிடுங்கள்

சரி, இப்போது எல்லோரும் பயப்படும் இடம். பயப்பட எதுவுமில்லை. இனி கட்ட வேண்டிய ஒவ்வொரு அசலையும் வட்டியையும் தேதியோடு எழுதி, இன்றைய சந்தை வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டுவதுதான் வேலை. கடினம் அந்த "இன்றைய சந்தை வட்டி" எது என்பதில் இருக்கிறது.

உங்கள் நிறுவனத்தின் பத்திரம் சந்தையில் நன்றாகக் கைமாறுகிறது என்றால் விலையையே எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கே வேண்டாம். கைமாறவில்லை என்றால் இரண்டு துண்டுகளைக் கூட்டுங்கள். முதல் துண்டு, அதே நாணயத்தில், அதே கால அளவுக்கு அரசுப் பத்திரமோ வட்டி மாற்றுச் சந்தையோ காட்டும் வீதம். இரண்டாம் துண்டு, உங்கள் நிறுவனத்தின் கடன் தரத்துக்குச் சந்தை கேட்கும் கூடுதல் வீதம், ஸ்பிரெட் என்பார்கள். உங்கள் நிறுவனத்தின் வேறொரு பத்திரம், அதே தரமுள்ள வேறு மின் நிறுவனத்தின் பத்திரம், இன்றைக்குக் கடன் கேட்டால் வங்கி சொல்லும் விலை, இந்த மூன்றிலிருந்தும் ஸ்பிரெட் எடுக்கலாம். முதல் துண்டு 5.2, இரண்டாவது 2.8 என்றால் வீதம் 8.

இதை 6 சதவீத வட்டியில் கடைசியில் மொத்தமாகத் திரும்பும் 1000க்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தாண்டு மீதி இருந்தால் நியாய மதிப்பு 920. இருபதாண்டு மீதி இருந்தால் 804. சந்தை வட்டி 8க்குப் பதிலாக 4 என்றால் முறையே 1089, 1272. மின் நிறுவனங்களின் குறிப்பில் புத்தக மதிப்புக்கும் நியாய மதிப்புக்கும் பெரிய இடைவெளி தெரிவது இதனால்தான். கடன் நீளமாக இருப்பதால் வட்டி கொஞ்சம் அசைந்தாலே மதிப்பு நிறைய ஆடுகிறது.

அந்த இடைவெளியைப் பார்த்து எங்கள் மேலாளர் ஒருவர், "நமக்கு இவ்வளவு லாபமா?" என்று முகம் மலர்ந்தார். இல்லை. கடன் புத்தகத்தில் நான்காம் படியில் போட்ட செலவு முறையில்தான் நிற்கிறது, நியாய மதிப்பு குறிப்பில் மட்டும் வரும். அந்த விலைக்கே திரும்ப வாங்கி அடைத்தாலொழிய எதுவும் கைக்கு வராது. கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் நிறுவனமாக இருந்தால், மிச்சமாகும் வட்டியில் ஒரு பங்காவது அடுத்த கட்டண நிர்ணயத்தில் நுகர்வோர் பக்கம் போகக்கூடும்.

இனி பொறிகள். நான் விழுந்தவையும், பக்கத்து மேசையில் விழுந்தவையும்.

தவணைக் கடனுக்குக் கடைசித் தேதியை வைத்து வீதம் எடுப்பது. பத்துச் சமத் தவணையில் ஆண்டுக்கொருமுறை கட்டும் கடனின் சராசரி ஆயுள் 5.5 ஆண்டுதான். பத்தாண்டு வீதத்தை எடுத்தால் தவறு.

அரையாண்டு வட்டிக்கு ஆண்டு வீதத்தைப் பாதியாக்குவது. பயனுறு ஆண்டு வீதம் 8 என்றால் அரையாண்டுக்கு 4 அல்ல, 3.92. எக்செலில் என்பிவி என்ற சாதாரணக் கட்டளையை விட்டுவிட்டு, தேதியும் கேட்கும் எக்ஸ்என்பிவியைப் பயன்படுத்தினால் பாதித் தொல்லை போய்விடும். அதற்கு ஆண்டு வீதத்தை அப்படியே கொடுக்க வேண்டும்.

சேர்ந்த வட்டியை மறப்பது. 1000க்கு 6 சதவீதம், கடைசி வட்டி கட்டி நான்கு மாதம் ஆகியிருந்தால் 20 சேர்ந்திருக்கும். வரப்போகும் முழு வட்டியையும் தள்ளுபடி செய்து எடுத்த மதிப்பில் அந்த 20 கலந்தே இருக்கிறது. புத்தக மதிப்பில் அது வேறு தலைப்பில் இருந்தால், ஒப்பிடும் முன் ஒரு பக்கம் சரிசெய்ய வேண்டும். முதல் படியில் நான்காவது பத்தி கேட்டது இதற்குத்தான். சந்தையில் சொல்லும் பத்திர விலையோ பெரும்பாலும் சேர்ந்த வட்டி நீங்கலானது, அங்கே தலைகீழாகக் கவனியுங்கள்.

வெளிநாட்டு நாணயக் கடனை உள்நாட்டு வட்டியில் தள்ளுபடி செய்வது. டாலர் தவணையை டாலர் வட்டியில் தள்ளுபடி செய்து, கிடைத்த டாலர் மதிப்பை ஆண்டு முடிவு நாளின் மாற்று வீதத்தில் மாற்றுங்கள். வேறு வழி வேண்டாம்.

மாறும் வட்டிக் கடன் எப்போதும் முகமதிப்புக்குச் சமம் என்று எழுதிவிடுவது. அடிப்படை வீதம் மாறினால் வட்டியும் சேர்ந்து மாறும், உண்மைதான். ஆனால் ஸ்பிரெட் ஒப்பந்தத்தில் உறைந்து நிற்கிறது. வாங்கும்போது உங்கள் தரம் நன்றாக இருந்து இன்றைக்கு இரண்டு படி இறங்கியிருந்தால் மதிப்பு முகமதிப்புக்குக் கீழேதான் இருக்கும்.

முன்கூட்டி அடைக்கும் உரிமையை மறப்பது. 1000 கொடுத்து நாளையே அடைக்கலாம் என்று இருக்கும் பத்திரத்துக்கு 1272 என்று மதிப்பு எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். மீதி வட்டியையெல்லாம் ஈடுசெய்துதான் அடைக்க முடியும் என்ற பிரிவு இருந்தால் கதை வேறு. பிரிவைப் படியுங்கள்.

கடைசியாக, ஜாமீன். மின் நிறுவனக் கடன்கள் பலவற்றுக்கு அரசாங்கமோ தாய் நிறுவனமோ ஜாமீன் நிற்கும். பத்திரத்துக்குக் கிடைத்த தரம் அந்த ஜாமீனால் வந்தது. ஜாமீன் தனிக் கணக்கில் நடத்தப்படுகிறது என்றால், ஐஎஃப்ஆர்எஸ் 13 படி கடன் வாங்கிய நீங்கள் உங்கள் சொந்தத் தரத்தை வைத்தே மதிப்புப் போட வேண்டும். ஜாமீன்காரரின் தரத்தை எடுத்தால் ஸ்பிரெட் குறைந்து, கடனின் மதிப்பு அதிகமாகத் தெரியும். சந்தை விலையை அப்படியே எடுத்தாலும் இதே சிக்கல்தான், வாங்குபவர் ஜாமீனையும் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

7. படிநிலையைக் குறிப்பிடுங்கள்

நியாய மதிப்பு எந்தத் தகவலில் நிற்கிறது என்று மூன்று படிநிலையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே பத்திரம் சுறுசுறுப்பாகக் கைமாறும் சந்தையின் விலை என்றால் முதல் நிலை. சந்தையில் காணக்கூடிய வட்டி, ஸ்பிரெட் ஆகியவற்றை வைத்துப் போட்ட கணக்கு இரண்டாம் நிலை. முக்கியமான எண் ஒன்று உங்கள் சொந்த ஊகம் என்றால் மூன்றாம் நிலை. பட்டியலிடப்பட்ட பத்திரம் என்பதாலேயே முதல் நிலை ஆகிவிடாது. மாதத்தில் ஒருமுறை கைமாறும் பத்திரத்தை முதல் நிலை என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

8. நாட்காட்டியும் கோப்பும்

எட்டு வாரம் முன்பு ஆவணங்கள், ஆறு வாரம் முன்பு நிபந்தனைச் சோதனை. நான்கு வாரம் முன்பு கடன் கொடுத்த எல்லோரின் முகவரியையும் சரிபார்த்து, உறுதிக் கடிதத்தை ஆடிட்டர் பெயரிலேயே நேராக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பிரெட் கேட்கும் வங்கிகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஆண்டு முடிவன்று அவர்களும் விடுமுறையில் இருப்பார்கள். மாதிரி ஷீட்டை முந்தைய மாத வீதங்களை வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த சில மாதங்களில் அமெரிக்க முதலீட்டாளர்களுக்கும் சேர்த்துப் புதிய பத்திரம் வெளியிடும் எண்ணம் இருக்கிறதா என்று கருவூலப் பிரிவைக் கேட்டுவிடுங்கள். பத்திரத்தை விற்றுக்கொடுக்கும் வங்கிகளுக்கு ஆடிட்டர் தரும் கடிதம் ஒன்று உண்டு, கம்ஃபர்ட் லெட்டர் என்பார்கள்; அதன் வழக்கமான வாசகம், கடைசியாகத் தணிக்கையோ மறுஆய்வோ செய்த கணக்கின் தேதியிலிருந்து 135 நாளுக்குள்தான் கிடைக்கும். உங்கள் குறிப்பு தாமதமானால் அவர்களுக்குப் பத்திரம் வெளியிடக் கிடைக்கும் காலமும் சுருங்கும்.

ஆண்டு முடிவன்று மாலை, வீதங்கள் வெளியானதும், திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே எண்ணைத் தேடினால் எளிதில் கிடைக்காது. ஷீட்டில் வீதம் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் மூன்று கட்டம்: எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதி, யார் எடுத்தது. எங்களுடைய 7.85 எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வரியை அழிக்காமல், சிவப்பு நிறம் பூசி அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.